முக்கால் சொட்டு டீசலின் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை நோக்கிப் பாரத்தோடு போகும் பழைய டாரஸ் லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர் எஞ்சின். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், மைலேஜ் லிட்டருக்கு 4 என்றால், மணிக்கு 10 லிட்டர் டீசல் எரிகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வீதம், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நொடிக்கு 15 முறை டீசல் பாய்கிறது. ஆறுக்கும் சேர்த்து மணிக்கு 3,24,000 தடவை. வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 31 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரே ஏறக்குறைய 50 கன மில்லிமீட்டர் இருக்கும்.

முக்கால் சொட்டுகூட இல்லாத இந்த டீசலை அளந்து, ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டு, நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் பனிப்புகையாகத் தூவ வேண்டும். அந்த வேலையைச் செய்பவை எஞ்சின் பக்கவாட்டில் உள்ள பம்பும் தலையில் செருகியிருக்கும் இன்ஜெக்டர்களும். பழைய லாரியில் கம்ப்யூட்டர் கிடையாது. அளவு, நேரம், அழுத்தம் மூன்றையும் வெறும் இரும்பே பார்த்துக்கொள்கிறது.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் இந்தப் பம்ப் இல்லை. எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளத் தனியாக ஒரு காற்று கம்ப்ரஸர் தேவைப்பட்டது. அவ்வளவு பாரத்தைத் தொழிற்சாலையும் கப்பலும் தாங்கும், லாரி தாங்காது. ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் டீசல் பம்பைத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் டீசல் எஞ்சின் சாலையில் பரவியது. அதன் இந்தியக் கிளையான மைக்கோ 1951-இல் தொடங்கியது. 2008-இல் நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறிவிட்டாலும், பழைய மெக்கானிக்குகள் வாயில் அது இன்னும் மைக்கோ பம்ப்தான்.

பம்பைத் திறந்தால், சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு எலிமெண்டுகள் வரிசையாக நிற்கும். எலிமெண்ட் என்பது ஓர் உருளைக் குழலும் அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரும் சேர்ந்த ஜோடி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். டீசலை அடைத்து வைக்க அங்கே ரப்பரோ வாஷரோ இல்லை, அந்தப் பொருத்தமே அடைப்பு. அதனால்தான் ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் குழலில் போடக் கூடாது. பிளஞ்சரின் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ரேக் என்னும் பல்கம்பி நகர்ந்து பிளஞ்சரைச் சற்றே திருப்பும். ஏறி இறங்கும் தூரம் மாறாது. டீசல் திரும்பிப் போகும் வழியைச் சாய்வு வெட்டு எந்த இடத்தில் திறந்துவிடுகிறது என்பது மட்டும் மாறும். அதற்கேற்ப டீசல் கூடும், குறையும். இவ்வளவு எளிய வழியில் இவ்வளவு நுட்பமான அளவை எட்டியது உண்மையிலேயே பெரிய சாதனை.

இந்த நுட்பத்துக்கு முதல் எதிரி தண்ணீர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் குமரி. பாதி காலியாக நிற்கும் டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தேங்கும். அது பம்புக்குள் போனால் பிளஞ்சரில் துரு பிடிக்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசலும் அதே அளவு கெடுதல்: எலிமெண்டுக்கும் இன்ஜெக்டரின் நுனியான நாசிலுக்கும் டீசலேதான் மசகு, மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு.

பிக்கப் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக இழுக்கிறது, ஏற்றத்தில் கறும்புகை தள்ளுகிறது என்று வண்டி வரும்போது சிலர் செய்யும் சுருக்குவழி, பம்பின் ஸ்க்ரூவைத் திருகி டீசல் அளவைக் கூட்டுவது. இதைச் செய்யவே கூடாது. நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகினால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசலை இன்னும் கூட்டினால் கூடுவது இழுவை அல்ல, கரி. அது பிஸ்டனிலும் படியும், பின்னால் பைக்கில் வருபவரின் நுரையீரலிலும் படியும்.

சரியான வழி, பம்பையும் ஆறு இன்ஜெக்டர்களையும் சேர்த்துக் கழற்றி டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோவது. அங்கே டெஸ்ட் பெஞ்சில் மோட்டார் பம்பைச் சுழற்றும். ஆறு கண்ணாடிக் குழாய்களில் எண்ணெய் விழும். குறிப்பிட்ட தடவைகள் அடித்ததும் நிறுத்திப் பார்த்தால், எந்த எலிமெண்ட் பின்தங்குகிறது என்பது மட்டத்திலேயே தெரியும். இன்ஜெக்டரைத் தனியாக ஒரு கைப்பம்பில் மாட்டி அழுத்துவார்கள். பல பழைய லாரிகளில் அழுத்தமானியின் முள் சுமார் 200 பாரைத் தொட்டதும் நாசில் படபடவென்று அதிர்ந்து மெல்லிய புகைபோலத் தூவ வேண்டும். தாரையாக அடித்தாலோ நுனியில் சொட்டு நின்றாலோ நாசிலை மாற்ற வேண்டியதுதான். அந்தத் தூவலுக்கு முன்னால் யாரும் கையை நீட்டக் கூடாது. அது தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய அடையாளம்தான் இருக்கும். உள்ளே திசு அழுகத் தொடங்கும். வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் இது.

புதுப் பம்பும் புது நாசிலும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்பதும் பிழை. டேங்கைக் கழுவாமல், ஃபில்டரை மாற்றாமல் புதுப் பம்பைப் பூட்டினால், பழையதைக் கெடுத்த துருவும் தண்ணீரும் புதியதையும் கெடுக்கும். நாசிலுக்கு அடியில் உள்ள காப்பர் வாஷர் புதிதாக, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பழையதன்மேல் இன்னொன்று விழுந்தால் நாசில் நுனி உயர்ந்து, டீசல் பிஸ்டனின் குழியில் விழாமல் இடம் மாறி விழும்.

அடுத்தது டைமிங். பம்பில் முதல் சிலிண்டருக்கான டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த சிறு குழாய் ஒன்றை மாட்டி, டீசலைத் தள்ளிக்கொண்டே ஃப்ளைவீலை மெல்லத் திருப்புவார்கள். ஓடும் டீசல் மெலிந்து சொட்டுச்சொட்டாகி நிற்கும் இடம்தான் பம்ப் அழுத்தத் தொடங்கும் இடம். அது எஞ்சினில் பொறித்த குறியோடு பொருந்த வேண்டும். கடைசியாக ஏர் எடுப்பது: ஃபில்டரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடிக்க வேண்டும். டீசல் அழுத்தத்துக்கு அவ்வளவாகச் சுருங்காது, காற்று நன்றாகச் சுருங்கும். பைப்பில் ஒரு குமிழி இருந்தாலும் பம்பின் அடியை அது விழுங்கிவிடும், நாசில் திறக்காது.

கடற்கரையிலும் இதே வேலைதான். லாரி எஞ்சினைக் கடலுக்கேற்ப மாற்றிப் பூட்டிய விசைப்படகுகள் குமரியில் உண்டு. கிழக்குக் கரையில் சேரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் சேரும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம். எஞ்சின் வேலைக்கு அந்த 61 நாள்தான் வாய்ப்பு. நடுக்கடலில் பம்ப் நின்றால் இழுத்து வர இன்னொரு படகு வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் பி.எஸ்.6 மாசு விதிக்கு உட்பட்ட புதிய லாரிகளில் அளவைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். பழைய வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் சோதனை இருக்கிறது. பி.எஸ்.3 வரையான டீசல் வண்டிக்குப் புகையின் கருமை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பி.எஸ்.4 வண்டிக்கு 50. ஆனால் நின்ற இடத்தில், பாரம் இல்லாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்து எடுக்கும் அளவு அது. குலசேகரம் பக்கத்து ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது வரும் புகை அதில் பதிவாகாது. பம்ப் வேலை முடித்த வண்டியைப் பாரம் ஏற்றி ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கடைக்காரருக்குப் பணம் கொடுப்பது நல்லது.