வலிக்காத புண்

கோயமுத்தூரிலிருந்து திருப்பூர் போகும் ரயிலில் வந்து சோமனூரில் இறங்கினால், ஊரைப் பார்ப்பதற்கு முன்பே அதன் ஓசை காதில் விழுந்துவிடும். அது விசைத்தறிகளின் ஓசை. பல வீடுகளுக்குப் பக்கத்திலேயே தறிக் குடோன். அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் சமையலும் நடக்கிறது, குழந்தைகளின் தூக்கமும் நடக்கிறது!

அப்படிப்பட்ட ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று பேத்தி கூவினாள்:

"ஆத்தா, உன்ற காலிலே ரத்தம்!"

பாட்டியம்மாள் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே வலிக்கலியே, கண்ணு!"

செருப்பைக் கழற்றிப் பார்த்தோம். சிறு ஆணி ஒன்று அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. காலை முழுவதும் அதன்மேல் நடந்திருக்கிறார்! பாட்டியம்மாளுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி.

வலிக்கவில்லை என்றால் நல்லதுதானே என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நரம்புகள் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. ஆகவே, உணர்ச்சி முதலில் குறைவதும் அங்கேதான். ரத்தக் குழாய்களும் குறுகிவிட்டால் புண் எளிதில் ஆறாது. சின்னக் கொப்புளம் சீழ் பிடித்து, விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகிவிடுகிறது.

வலி ஒரு காவல்காரன் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். அவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை; உணர்ச்சி இல்லாததால் அடிபட்டும் சுட்டும் அழுந்தியும் கெடுகின்றன என்று கண்டார். அத்தகைய பாதங்களுக்காக, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் செருப்புகளை அவரும் அவருடைய கூட்டத்தாரும் செய்வித்தார்கள். 1966-ல் அவர் அமெரிக்கா போனார். வேலூரில் கற்ற பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் காப்பாற்ற உதவியது.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவருடைய பாதத்துக்குக் காவல்காரர் நீங்கள்தான், சகோதரிகளே!

தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு முகக்கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். சூட்டை உணர்ச்சியுள்ள வேறொருவர் கையால் பார்த்துவிட்டே காலை வைக்க வேண்டும். விரலிடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும், பிளாஸ்திரி போட்டு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். கால் வீங்கி மெட்டி இறுகினால் உடனே கழற்றிவிடுங்கள், சாஸ்திரம் கோபித்துக்கொள்ளாது!

வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கலாகாது. செருப்பை உதறி, உள்ளே கையால் தடவிப் பார்த்துவிட்டு அணியுங்கள். புதுச் செருப்பை மாலையில் வாங்குங்கள். அப்போதுதான் கால் சற்று உப்பியிருக்கும். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நண்பகலில் பிராகாரத்துக் கல் கொதிக்கும்.

சிவப்பு, வீக்கம், சூடு, கருமை, நீர்க்கசிவு - இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வலி வரட்டும் என்று காத்திராமல் அன்றே டாக்டரிடம் போங்கள். வருஷத்துக்கு ஒரு முறை உணர்ச்சிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொடுவார்கள். தொட்டது தெரிகிறதா என்பதுதான் கேள்வி!

சோமனூர்ப் பாட்டியம்மாளை அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். புண்ணைச் சுத்தம் செய்து, டெட்டனஸ் ஊசி போட்டு, காலை ஊன்றாமல் இருக்கச் சொன்னார் அவர். மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. இப்போது தினமும் இரவில் பேத்திதான் பாதத்தைப் பார்க்கிறாளாம்.

"பாவிலே ஒரு இழை அறுந்தா, தறி வலிக்குதுன்னு சொல்லுமாங்க? நாமதானே பாக்கோணும்!" என்றார் பாட்டியம்மாள்.