ஆயாவுக்கும் ஓய்வு நாள் உண்டு



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், கீழ்பென்னாத்தூர் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பதியர் நம்மைச் சந்திக்க வந்தனர். இருவரும் ஆசிரியர்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். குழந்தை அவரை "ஆயா" என்று அழைக்கிறது. மாதச் சம்பளம் 9,100 ரூபாய்.

மகளுக்குப் பிரசவம் என்று அந்த ஆயா 5 நாட்கள் வரவில்லை. மாத முடிவில் நாளொன்றுக்கு 350 ரூபாய் வீதம் 1,750 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். ஆயா ஒன்றும் பேசவில்லை. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அன்று முதல் அந்த ஆசிரியைக்கு மனம் சரியில்லை.

"பிடித்தது சரியா, தப்பா ஃபாதர்? வராத நாளுக்கு எதற்குச் சம்பளம் என்று இவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை" என்றார். கணவரும் மறைக்கவில்லை. "வீட்டுக் கடன் இருக்கிறது ஃபாதர். நாங்களும் கணக்குப் பார்த்துத்தான் வாழ்கிறோம்" என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அடுத்த ஞாயிறு பேசுவோம் என்று அனுப்பி வைத்தோம்.

நம் அடுப்படியில் கண்டது

பதில் தேடி விவிலியத்தையும் திருஅவையின் ஏடுகளையும் எடுத்து வைத்தோம். அப்போது சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பங்கு இல்லத்தில் நமக்குச் சமைத்துப் போடும் அம்மா அங்கே நின்றிருந்தார். "போன வருஷம் எத்தனை நாள் லீவு எடுத்தீங்கம்மா?" என்று கேட்டோம்.

"லீவா சாமி? மாமியார் செத்தப்போ மூணு நாள் போனேன். அவ்வளவுதான்."

கணக்குப் புத்தகத்தைப் புரட்டினோம். அந்த மூன்று நாட்களுக்கும் சம்பளம் பிடிக்கப்பட்டிருந்தது. எழுதியிருந்தது நம் கையெழுத்து. கிறிஸ்துமஸ், உயிர்ப்புப் பெருவிழா, பங்குத் திருவிழா என்று ஊரே கொண்டாடும் நாட்களில்தான் அவருக்கு வேலை அதிகம். ஞாயிறு ஓய்வு பற்றிப் பீடத்திலிருந்து எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அந்த மறையுரை நம் அடுப்படிக்கு வந்து சேரவில்லை. ஆகவே, இக்கட்டுரையை அறிவுரையாக எழுதவில்லை. நம்மையும் சேர்த்தே எழுதுகிறோம்.

இறைவார்த்தை என்ன சொல்கிறது?

ஓய்வுநாள் கட்டளை நமக்குத் தெரியும். அது யாருக்காக என்பதை நாம் பலவேளை கவனிப்பதில்லை. இணைச்சட்டம் 5-ஆம் அதிகாரம் 14, 15 வசனங்களை வாசித்துப் பாருங்கள். வீட்டுத் தலைவரும் பிள்ளைகளும் மட்டுமல்ல, வேலைக்காரரும் வேலைக்காரியும் அதே போல ஓய்வு பெற வேண்டும் என்று ஆண்டவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். எகிப்தில் அடிமைகளாக இருந்ததை மறவாதீர்கள் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறார். ஓய்வின்றி உழைத்தவர்களுக்குத்தான் ஓய்வின் அருமை தெரியும். விடுதலைப் பயணம் 23:12 அடிமைப் பெண்ணின் பிள்ளையும் அந்நியரும் இளைப்பாறுவதற்காகவே அந்த நாள் என்கிறது. எனவே ஓய்வு என்பது முதலாளி மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல. இறைவனே ஏற்படுத்திய உரிமை.

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் "ரேரும் நோவாரும்" சுற்றுமடலில் தொழிலாளரின் ஓய்வை வலியுறுத்தினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இன்னும் தெளிவாகச் சொன்னார்: வாரத்தில் குறைந்தது ஞாயிறு ஓய்வும், ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட விடுமுறையும் உழைப்பவரின் உரிமைகள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 20 நாள் உழைத்தவருக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று ஓர் அளவை வகுத்தது. அந்த அளவு வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. வீட்டுவேலை ஒரு வேலையாகவே எண்ணப்படாத காலம் நெடுநாள் நீடித்தது. அருட்சகோதரி ஜான் டெவோஸ் 1985-இல் தொடங்கிய தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கம் போன்றவை இதற்காக நெடுங்காலம் குரல் கொடுத்தன.

தமிழகத்தில் 2007-இல் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் அமைக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் இதில் பதிவு செய்துகொள்ளலாம். 2018-இல் மாநில அரசு வீட்டுவேலைக்கு மணிக்கு 37 ரூபாய் முதல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு, ஊதியத்துடன் ஆண்டு விடுப்பு ஆகியவை அதில் உள்ளன. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் உறுதியேற்பு செய்யவில்லை. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசைப் பணித்தது.

ஆக, ஆயாவுக்கு ஆண்டுக்கு இத்தனை நாள் விடுப்பு என்று நம்மைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை நாம் காணவில்லை. அப்படியானால் முடிவு நம் கையில், நம் மனச்சான்றின் கையில் இருக்கிறது.

எப்படி முடிவு செய்வது?

அடுத்த ஞாயிறு அத்தம்பதியருடன் அமர்ந்து பேசியதையே இங்கே தருகிறோம்.

1. வார ஓய்வு: வாரத்தில் ஒரு முழு நாள். "கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போங்கள்" என்று அழைத்தால் அது ஓய்வு நாள் ஆகாது.

2. ஆண்டு விடுப்பு: தொழிற்சாலைக்கு வகுத்த அளவையே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டில் 300 நாள் உழைத்தால் 15 நாள். நாளுக்கு 350 ரூபாய் என்றால் 5,250 ரூபாய். மாதத்திற்குப் பகிர்ந்தால் சுமார் 440 ரூபாய். இது புதிதாகக் கொடுக்கும் பணமும் அல்ல. பிடிக்காமல் விடும் பணம்தான்.

3. நோயும் துக்கமும்: இவற்றை ஆண்டு விடுப்பில் கழிக்காமல், தனியாகச் சில நாட்கள் வைப்பது நல்லது. காய்ச்சலோடு வந்து குழந்தையைத் தூக்கினால் குழந்தைக்கும் கேடு. சம்பளம் போய்விடும் என்ற பயம் இருந்தால் அவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவார்.

4. நாம் ஊருக்குப் போகும் நாட்கள்: கோடை விடுமுறையில் பத்து நாள் நாம் சொந்த ஊர் போய்விட்டு, "வேலை இல்லையே" என்று சம்பளம் பிடிப்பது நீதியல்ல. அவர் வரத் தயாராக இருந்தார். வேண்டாம் என்றது நாம். கொரோனா ஊரடங்கின்போது 2020-இல் எத்தனை வீடுகளில் "இப்போது வர வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையோடு சம்பளமும் நின்றது என்பதை நினைத்துப் பார்ப்போம்.

5. கூட அழைத்துச் செல்வது விடுப்பு அல்ல: "வேளாங்கண்ணிக்கு எங்களோடுதானே கூட்டிப் போனோம்" என்பார் பலர். போக வர குழந்தையை இடுப்பில் சுமந்தது யார்? குடும்பத்தோடு பயணம் செய்யும் நாட்களை ஆண்டு விடுப்பில் கணக்கிடலாகாது என்று மேற்சொன்ன உடன்படிக்கையோடு வந்த பரிந்துரையும் கூறுகிறது.

6. அவருடைய திருநாட்கள்: கிறிஸ்துமசுக்கு நாமே விடுமுறை சொல்லிவிடுவோம். கார்த்திகைத் தீபத்தன்று ஆயாவின் வீட்டுக்கு உறவினர் வருவார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போக அவருக்கு வேண்டுதல் இருக்கலாம். நம் நம்பிக்கை வேறு என்பதால் அவரது திருநாள் சிறிதாகிவிடாது.

7. எழுதி வையுங்கள்: ஒரு நோட்டில் நாளும் கணக்கும் எழுதி, இருவரும் பார்த்துக்கொள்ளலாம். எழுதாத உரிமையை ஒவ்வொரு முறையும் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

"லீவு கொடுத்தால் பழகிவிடும்"

இந்த அச்சத்தை அந்த ஆசிரியரும் சொன்னார். "உங்களுக்குத் தற்செயல் விடுப்பு எத்தனை நாள்?" என்று கேட்டோம். "12 நாள் ஃபாதர்." "அதனால் நீங்கள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்துவிட்டீர்களா?" அவர் சிரித்துவிட்டார்.

ஆயா வராத நாளில் குழந்தையை யார் பார்ப்பது என்பது உண்மையான சிரமம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முன்கூட்டியே நாள் தெரிந்தால் பாட்டியை வரச் சொல்லலாம். கணவன் ஒரு நாள், மனைவி ஒரு நாள் விடுப்பு எடுக்கலாம். திட்டமிட்ட விடுப்பு இல்லாத வீட்டில்தான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் நாட்கள் அதிகம்.

வீட்டுப் பணியாளர்களின் பாதுகாவலியான புனித சீத்தா, 12 வயதில் இத்தாலியின் லூக்கா நகரில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, 1272-இல் இறக்கும் வரை அதே வீட்டில் உழைத்தவர். ஒரு வேலைக்காரப் பெண்ணைத் திருஅவை பீடத்தில் உயர்த்தி வைத்திருக்கிறது. நம் வீட்டில் அப்பெண்ணை எங்கே வைத்திருக்கிறோம்?

அத்தம்பதியர் பிடித்த 1,750 ரூபாயை அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்தார்கள். ஆயா முதலில் வாங்க மறுத்தாராம். "இது உங்கள் பணம்மா" என்று சொன்ன பிறகே வாங்கிக்கொண்டாராம். நாமும் நம் சமையல் அம்மாவுக்கு மூன்று நாள் பாக்கியைக் கொடுத்துவிட்டோம். இப்போது திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு நாள். அன்று நமக்குக் கடை இட்லிதான்.

இந்த மாதம் சம்பளம் எண்ணிக் கொடுக்கும் முன், நம் வீட்டில் உழைப்பவரிடம் ஒரு கேள்வி கேட்போம்: "கடைசியாக எப்போது ஓய்வெடுத்தீர்கள்?" அவர் தரும் பதிலிலிருந்து நம் முடிவைத் தொடங்குவோம்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், அங்கே உழைக்கும் கரங்களையும் ஆசீர்வதிப்பாராக.