குடும்ப வண்டிக்கு 'சூப்பர்சார்ஜர்' தேவையா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அடிவாரத்தில் துள்ளி ஓடிய வண்டி, ஏழு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு மலை ஏறும்போது மூச்சு வாங்கும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம்தான் கூடுமே தவிர வேகம் கூடாது. "அண்ணே, ஒரு சூப்பர்சார்ஜர் போட்டால் பறக்கும்" என்று பட்டறையில் யாராவது ஆசை காட்டுவார்கள். அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

ஒரு காலத்தில் தோட்டத்து லோரியில் நின்றபடியே தைப்பூசத்திற்குப் போன சமுதாயம் நம்முடையது. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறிவிட்டன. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று சொந்தமாக ஏழு இருக்கை வண்டி வைத்திருக்கிறார்கள். இது பெருமைக்குரிய வளர்ச்சி. ஆனால் அந்த வண்டியில் தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

துருத்தி செய்யும் வேலை

கொல்லன் பட்டறையில் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். கரி அதே கரிதான். காற்றை அழுத்தி ஊதினால் நெருப்பு சீறி எழுகிறது. சூப்பர்சார்ஜரும் ஒரு துருத்திதான்.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன் சொந்த மூச்சில் உறிஞ்சும் காற்றை மட்டும் நம்பியிருக்கிறது. மலை ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடும். எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். வண்டி மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூப்பர்சார்ஜர், எஞ்சின் சுழற்றும் பெல்ட்டினால் ஓடி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், பலமும் கூடும். டர்போ புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயுவினால் சுழல்கிறது. சூப்பர்சார்ஜரோ எஞ்சினோடு பிணைக்கப்பட்டது. ஆகவே மிதியை அழுத்திய உடனே இழுவை கிடைக்கும். ஆனால் தன்னைச் சுழற்றுவதற்கென்று எஞ்சினின் பலத்தில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும்.

இது புதிய சங்கதியல்ல. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-களில் உருவாக்கிய காற்றூதி, உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய சூப்பர்சார்ஜர்களில் ஒரு வகை. 1921-இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களை விற்பனைக்கு வைத்தது. 2000-களில் நம் சாலைகளில் ஓடிய மெர்சிடிஸ் கார்களின் பின்புறத்தில் 'கொம்பிரசர்' என்று எழுதியிருந்ததே, அது இதைத்தான் குறித்தது.

தொழிற்சாலை கற்றுத் தரும் பாடம்

பெரிய குடும்ப வண்டிக்குச் சூப்பர்சார்ஜர் பொருத்த முடியுமா? முடியும். டொயோட்டாவின் டி.ஆர்.டி. பிரிவு, அமெரிக்காவில் விற்ற 5.7 லிட்டர் செக்குவோயா வண்டிக்கே அப்படியொரு தொகுப்பை விற்றது. 381 குதிரைத் திறன் 504 ஆக உயர்ந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல்!

ஆனால் அந்தத் தொகுப்பில் காற்றூதி மட்டும் வரவில்லை. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர், கூடுதல் பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டர்கள், எஞ்சின் கணினிக்குப் புதிய கணக்கு எல்லாம் சேர்ந்தே வந்தன. வண்டியைத் தயாரித்தவர்களே இவ்வளவையும் மாற்ற வேண்டியிருந்தது. 'ஊதியை மட்டும் போட்டால் போதும்' என்று சொல்பவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

ஏன் இவ்வளவும் வேண்டும்? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமல்லவா? அழுத்தினால் காற்று சூடாகும். ஈப்போவின் பகல் வெயிலில் 33 டிகிரியில் நுழையும் காற்று, ஒன்றரை மடங்கு அழுத்தப்பட்டு வெளியே வரும்போது 90 டிகிரியைக்கூடத் தாண்டலாம். அவ்வளவு சூடான கலவை, தீப்பொறியின் முறையான எரிப்புக்குக் காத்திராமல் தானாகவே வெடிக்கும். அதைத்தான் மெக்கானிக்குகள் 'நோக்கிங்' என்கிறார்கள். அது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். ஆகவேதான் இத்தகைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் ரோன் 97 பெட்ரோல் தேவைப்படுகிறது. ரோன் 95 ஊற்றிப் பழகிய குடும்பத்திற்கு இது மாதந்தோறும் வரும் செலவு.

ஏறினால் இறங்க வேண்டும்

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். சூப்பர்சார்ஜர் ஏற்றத்தில் உதவும். இறக்கத்தில் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

80 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 110-இல் போகிறது என்று வையுங்கள். வேகம் கூடியது 40 விழுக்காடுகூட இல்லை. ஆனால் வண்டியை நிறுத்த பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இது பள்ளிக்கூடத்து இயற்பியல். ஆட்களோடு சேர்த்து 2 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் பிரேக், அந்த வண்டியின் பழைய பலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. எஞ்சினை மாற்றிவிட்டு பிரேக்கை அப்படியே விட்டால், ஓடுகிற குதிரைக்குச் சாட்டையைக் கொடுத்துவிட்டுக் கடிவாளத்தை அறுத்த கதைதான்.

2010 டிசம்பரில் இதே சிம்பாங் பூலாய் - கேமரன் மலைச் சாலையில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகளின் பேருந்து விபத்துக்குள்ளாகி இருபதுக்கும் அதிகமானோர் மாண்டதை நாடு மறந்திருக்காது. அந்தப் பேருந்துக்கும் நம் பேச்சுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் அந்தச் சாலை எவ்வளவு பொல்லாதது என்பதை அது காட்டியது.

சட்டமும் காப்புறுதியும்

"சிசி மாறவில்லை, சாலை வரியும் மாறாது. பிறகு அனுமதி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். சாலை வரி வேறு, வண்டியின் அமைப்பு வேறு. எஞ்சினில் செய்யும் பெரிய மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். பொருளை வாங்கிய பிறகல்ல, வாங்கும் முன்னரே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேளுங்கள்.

காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவிக்க வேண்டும். மாற்றத்தை மறைத்தால், விபத்து நேரும் நாளில் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். வண்டி இன்னும் வங்கிக் கடனில் இருந்தால், அது முழுமையாக உங்களுடையது ஆகவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வண்டி போனாலும் கடன் போகாது.

முதலில் செய்ய வேண்டியவை

வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக், கியர் எண்ணெய், டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். கூரைமேல் ஏற்றும் சுமையைக் குறையுங்கள். மலையில் கீழ் கியரில் ஏறுங்கள், இறங்கும்போதும் கீழ் கியரிலேயே இறங்குங்கள். இவற்றிலேயே பலருடைய குறை தீர்ந்துவிடும். டீசல் வண்டி வைத்திருப்பவர்களோ, அதில் டர்போ ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அதற்கு மேலும் பலம் வேண்டுமென்றால், தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வரும் குடும்ப வண்டிகள் உண்டு. 2018-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்70, 2023-இல் வந்த எக்ஸ்90 ஆகியவை அத்தகையவை. அவற்றின் எஞ்சின், குளிர்விப்பு, பிரேக் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைக்கப்பட்டவை.

சூப்பர்சார்ஜர்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கிறீர்களா? அப்படியானால் வரிசை இதுதான்: முதலில் அனுமதி, அடுத்து எஞ்சினின் உடல்நிலைப் பரிசோதனை, பிறகு பிரேக்கும் டயரும், அதன் பிறகு உங்கள் எஞ்சினுக்கென்றே செய்த முழுத் தொகுப்பு, கடைசியாக அனுபவமுள்ளவர் கையால் கணினிச் சீரமைப்பு. இந்த வரிசையைத் தலைகீழாக்கும் பட்டறையை விட்டு விலகிவிடுங்கள்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். தனியாக ஓட்டுபவரின் ஆசை வேறு, குடும்பத்தை ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு வேறு. மலை உச்சிக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. பின் இருக்கையில் தூங்கும் பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். கையில் பணமிருந்தால் அதை முதலில் வண்டியை நிறுத்தும் பலத்திற்குச் செலவிடுங்கள். ஓடும் பலம் அதற்குப் பிறகு வரட்டும்.