நான்கு செக்கன்களில் ஒரு மஞ்சள் மேலங்கி

தேநீர்க் கோப்பையில் சீனியைப் போட்டு இரண்டு முறை கலக்கிப் பாருங்கள். நான்கு செக்கன்கள் கழிந்திருக்கும். அந்தச் சொற்ப நேரம்தான் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி போலந்து நாட்டுப் பெண்ணொருவரை உலகின் மிகப் பெரிய சைக்கிளோட்டப் போட்டியின் வெற்றியாளராக்கியது. அவர் பெயர் கதார்ஷினா நியெவியதோமா. நெருங்கியவர்களுக்குக் காஷியா. 'நியெவியதோமா' என்ற சொல்லுக்குப் போலந்து மொழியில் 'அறியப்படாதது' என்று பொருள்.

மலைக் கிராமத்துப் பிள்ளை

1994ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி தென் போலந்தின் லிமனோவா நகரில் பிறந்த காஷியா, ஒக்கோட்னித்சா கூர்னா என்ற மலைக் கிராமத்தில் வளர்ந்தார். எப்பக்கம் போனாலும் ஏற்றமும் இறக்கமுமான பாதைகள். பிற்காலத்தில் மலையேற்றத்தில் அவர் காட்டிய திறமைக்கு இந்த மண்ணே முதற் பாடசாலை எனலாம்.

இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில் நெதர்லாந்து அணியொன்றில் இடம் கிடைத்தது. உலகப் புகழ் பெற்ற மரியான் வொஸ் என்ற வீராங்கனையோடு சேர்ந்து ஓடினார். 2017இல் பிரித்தானியாவின் பல நாள் பெண்கள் போட்டியில் முதல் நாளே தனித்துப் பாய்ந்து முன்னிலை பெற்று, இறுதிவரை அதை விட்டுக்கொடுக்காமல் வென்றார். 2018இல் இத்தாலியின் பிண்டா கிண்ணம், 2019இல் நெதர்லாந்தின் அம்ஸ்டெல் போட்டி என வெற்றிகள் தொடர்ந்தன.

வெற்றியே வராத ஆண்டுகள்

அதன் பின்னர்தான் சோதனைக் காலம். 2019க்குப் பின் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வெற்றியேனும் கிட்டவில்லை. 2020இல் இத்தாலியச் சுற்றுப் போட்டியில் இரண்டாம் இடம். 2021இல் உலக வீதிச் சைக்கிளோட்டத்தில் மூன்றாம் இடம். 2022இலும் 2023இலும் பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் மூன்றாம் இடம். ஒவ்வொரு முறையும் முன்னணியில் நின்றார். ஒவ்வொரு முறையும் கிண்ணம் மற்றொருவர் கையில்.

கடைசி இடத்தில் வருபவரை விட, கைக்கு எட்டியதை மீண்டும் மீண்டும் தவறவிடுபவரின் மனவேதனை பெரிது. பலர் இந்த நிலையில் ஒதுங்கி விடுவார்கள். காஷியா ஒதுங்கவில்லை. 2023 ஒக்டோபரில் இத்தாலியில் நடந்த சரளைப் பாதை உலகப் போட்டியில் முதலிடம் பெற்றார். 2024 ஏப்ரலில் பெல்ஜியத்தின் பிளெஷ் வலோன் போட்டியையும் வென்றார். அடைபட்டிருந்த கதவு திறந்து கொண்டது.

எட்டுக் கட்டங்கள்

பிரான்ஸ் சுற்றுப் போட்டி பெண்களுக்கு எளிதில் கிடைத்ததல்ல. 1984 முதல் 1989 வரை ஆண்களின் போட்டியோடு பெண்களுக்கும் நடத்தப்பட்டது. பின்னர் வேறு வேறு பெயர்களில் இழுபட்டு அதுவும் நின்று போயிற்று. 2022இலேயே மீண்டும் ஆரம்பமானது.

போட்டியின் கணக்கு எளிது. ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த நேரத்தைக் கூட்டுவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் மேலங்கி அணிவார். ஒரு கட்டத்தில் முதலாவதாக வருபவரின் நேரத்தில் 10 செக்கன்கள் சலுகையாகக் கழிக்கப்படும்.

2024 போட்டி நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரில் தொடங்கியது. ஏழு நாட்கள், எட்டுக் கட்டங்கள், சுமார் 950 கிலோமீற்றர். முந்திய ஆண்டின் வெற்றியாளரான நெதர்லாந்தின் டெமி வொலரிங் முன்னிலை வகித்தார். ஐந்தாம் கட்டத்தில், முடிவுக்கு ஆறு கிலோமீற்றர் அளவே இருந்தபோது பலர் ஒன்றாக விழுந்தனர். வொலரிங்கும் விழுந்தார். மஞ்சள் மேலங்கி காஷியாவிடம் வந்தது.

கடைசி மலை

இறுதி நாள் காலையில் வொலரிங்கை விட காஷியா 1 நிமிடமும் 15 செக்கன்களும் முன்னால். ஆனால் எதிரே நின்றவை கிளான்டோன் மலையும், 21 வளைவுகள் கொண்ட அல்ப் துவேஸ் மலையும். கிளான்டோன் ஏற்றத்திலேயே வொலரிங் வேகமெடுத்தார். அவரோடு ஒட்டிச் செல்ல முடிந்தவர் பவுலீனா ரோய்யாக்கர்ஸ் ஒருவரே. காஷியா பின்தங்கினார்.

அல்ப் துவேஸ் உச்சியில் வொலரிங் முதலாவதாக வந்தார். இனி எல்லாம் கடிகாரத்தின் கையில். கடைசி வளைவுகளில் காஷியா தன் முழுப் பலத்தையும் திரட்டி மிதித்தார். 1 நிமிடமும் 1 செக்கனும் பிந்தி, நான்காவதாகக் கோட்டைத் தாண்டினார். 75 செக்கன் முன்னிலையில் 61 போயிற்று. வொலரிங்கின் சலுகை 10 போயிற்று. எஞ்சியது நான்கு!

24 மணித்தியாலங்களுக்கு மேல் சைக்கிளோடிப் பெற்ற வித்தியாசம் அவ்வளவே. மூன்றாமவர் ரோய்யாக்கர்ஸும் பத்துச் செக்கன்கள் மட்டுமே பின்னால். 1989இல் ஆண்கள் போட்டி எட்டுச் செக்கன்களில் முடிந்ததே அதுவரை மிகக் குறைந்த வித்தியாசமாக இருந்தது. போலந்து நாட்டிலிருந்து ஆணோ பெண்ணோ இப்போட்டியை வென்றதும் இதுவே முதற் தடவை.

வொலரிங் விழுந்திராவிட்டால்? நியாயமான கேள்விதான். விழுந்த காயத்தோடு அவர் போராடிய விதமும் மெச்சத்தக்கதே. ஆயினும் வாய்ப்பு வரும் நேரத்தில் அதை ஏந்திக்கொள்ளும் இடத்தில் நாம் இருக்க வேண்டுமே. இரண்டு ஆண்டுகள் மூன்றாம் இடத்தில் நின்றவர், மூன்றாம் ஆண்டும் அந்த இடத்துக்கு வந்து நின்றதால்தான் மேலங்கி அவர் தோளுக்கு வந்தது.

2025இல் காஷியா மீண்டும் மூன்றாம் இடம் பெற்றார். பிரான்ஸின் போலீன் பெரான் பிறேவோ வென்றார். வெற்றி ஒருவரிடமே தங்குவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை பரீட்சையிலோ போட்டியிலோ மயிரிழையில் தவறிவிட்டு வாடிய முகத்தோடு வந்தால், இந்த நான்கு செக்கன் கதையை அருகில் இருத்திச் சொல்லுங்கள். மூன்றாம் இடத்தில் நின்ற ஆண்டுகளையும் விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.