கிடங்கில் ஒட்டுப்பொறி

வயலில் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி வெள்ளை ஈயைக் கணக்கெடுக்கும் அங்கத்தினர்களுக்கு, சரக்குக் கிடங்கிலும் அவ்வுபாயம் பயன்படும் என்பதைக் கூற விரும்புகிறோம். கஞ்சியிட்ட பருத்தித் துணியை இராமபாணப் பூச்சி அரிக்கும்; பட்டையும் கம்பளியையும் அந்துப்பூச்சியின் புழு தின்னும். விற்பனைக்கு எடுத்த சேலையில் துளை தெரியும்போது நஷ்டம் சங்கத்தின் கணக்கில், ஆகவே நம் எல்லோர் கணக்கிலும், ஏறிவிட்டிருக்கும்.

இராமபாணம் இருளில், பெரும்பாலும் சுவரோரமாகவே ஊரும். அதற்குப் பொறியின் நிறம் முக்கியமன்று, இடமே முக்கியம். சுவரும் தரையும் கூடுமிடத்திலும், கதவருகிலும், அலமாரியின் பின்னும் பொறிகளை வைத்தல் வேண்டும். ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் எழுதி, வாரம் ஒருமுறை பார்த்துக் குறிப்பேட்டில் பதிதல் வேண்டும். 3ஆம் எண் பொறியில் மட்டும் பூச்சி பெருகினால், அம்மூலையின் ஈரக்கசிவையோ பழைய மூட்டையையோ ஆராயலாம். கிடங்கு முழுவதும் மருந்தடிக்க வேண்டியதில்லை.

தறிக்கூடத்தை அடுத்த கிடங்குகளில் ஒரு சங்கடம் உண்டு. பஞ்சுத்தூசி படிந்தால் பசையின் பிடிப்பு போய்விடும். வெற்றுப்பொறியைக் கண்டு பூச்சியே இல்லையென்று நாம் ஏமாறுவோம். அங்கே கூடாரம்போல் மடித்த பொறியே தக்கது. அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

அந்துக்கென வாசனை வில்லை வைத்த பொறிகளும் கிடைக்கின்றன. அவற்றில் சிக்குவன ஆண் அந்துகளே. முட்டையிடும் பெண்ணும் துணியைத் தின்னும் புழுவும் வெளியிலேயே இருக்கும். ஆகவே பொறி பூச்சியை ஒழித்துவிடும் என்று எவரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டாம். அந்து விழுந்ததும் அருகிலுள்ள சரக்கைப் பிரித்துப் பார்ப்பதே செய்யத்தக்கது.

பல்லி ஒட்டிக்கொண்டால் இழுத்துவிடலாகாது. சமையல் எண்ணெய் சில சொட்டு விட்டால் பசை இளகும்.