கோரைக்கிழங்கு போல முளைக்கும் விளம்பரங்கள்

போன மாதம் கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடமாகச் சேர்த்துவைத்த கல்வெட்டுக் குறிப்புகளை இப்போதுதான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டு எழுந்ததும் கையைப் பிடித்து அந்த அறைக்கு அழைத்துப்போனார்.

“இதைக் கொஞ்சம் பாருப்பா. நான் ஒண்ணைத் தேடினா இது வேற ஒண்ணைக் காட்டுது. கீழ் மூலையில நிமிஷத்துக்கு ஒரு தடவை, வைரஸ் வந்துடுச்சு, உடனே பணம் கட்டுன்னு சொல்லுது. கடைக்காரத் தம்பி வந்து எடுத்துட்டேன்னு சொல்லிட்டுப் போனான். ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுச்சு, நம்ம வயல்ல கோரை முளைக்கிற மாதிரி.”

அவர் சொன்ன உவமையைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது. மேலே தெரியும் புல்லை எத்தனை முறை பறித்தாலும், மண்ணுக்குள் ஒரு கிழங்கு தங்கிவிட்டால் கோரை மறுபடி தலைகாட்டும். ஆட்வேர் என்கிற விளம்பர மென்பொருளும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற நிரலை நீக்குவது சுலபம். அது போகிற போக்கில் எங்கெங்கே எதை விட்டுவைத்தது என்று தேடி எடுப்பதில்தான் வேலையே இருக்கிறது.

பெரியப்பாவின் கம்ப்யூட்டருக்குள் அது எப்படி வந்தது? பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஓர் இலவச மென்பொருள் தேடியிருக்கிறார். ஏதோ ஒரு தளத்தில் கிடைத்ததை இறக்கி, வந்த பெட்டிகளில் எல்லாம் ‘நெக்ஸ்ட்’ அழுத்தியிருக்கிறார். அந்தப் பெட்டிகளில் ஒன்று, தேடல் பக்கத்தை மாற்றிக்கொள்ளவும் கூடவே எக்ஸ்டென்ஷன் என்கிற துணை நிரல் ஒன்றை பிரவுசரில் சேர்க்கவும் அனுமதி கேட்டிருக்கும். ‘டிக்’ முன்கூட்டியே போடப்பட்டிருக்கும்.

இந்த ‘டிக்’தான் ஆட்வேர்காரர்களின் கேடயம். வைரஸ் யாரையும் கேட்பதில்லை. இவர்கள் கேட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று வாதாடுகிறார்கள், நீதிமன்றம் வரை போகிறார்கள். ஸாங்கோ என்ற அமெரிக்க விளம்பர மென்பொருள் நிறுவனம், தன் நிரலைத் தடுத்ததற்காக காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் மீது 2007-இல் வழக்குத் தொடுத்தது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு வேறு மாதிரி முடிந்திருந்தால், நம் வீட்டு ஆன்டிவைரஸ்களுக்கு இன்று கை கட்டப்பட்டிருக்கும். இப்போதும் அவை இந்த வகை நிரல்களை நேராக வைரஸ் என்று சொல்வதில்லை. ‘வேண்டாததாக இருக்கக்கூடிய மென்பொருள்’ என்று பட்டும் படாமலும் ஒரு பெயர் வைத்திருக்கின்றன.

இத்தனை மெனக்கெட்டு நம் கம்ப்யூட்டருக்குள் வருவதில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? கூகுள் ஆய்வாளர்களும் நியூயார்க் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வொன்று 2016-இல் வெளியானது. ஒரு கம்ப்யூட்டரில் நிரலை நிறுவிக் கொடுத்தால், நிரலின் சொந்தக்காரர்கள் 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை கொடுத்துவந்தார்கள். பணக்கார நாட்டுக் கம்ப்யூட்டருக்கு விலை அதிகம். நடுவில் இருந்த தரகு நிறுவனங்கள், ஒரு கம்ப்யூட்டரில் என்ன ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதில் பிடிபடக்கூடிய நிரலைத் தவிர்த்து வேறொன்றை அனுப்பின. இத்தகைய நிரல்களைப் பற்றி கூகுளின் பாதுகாப்புச் சேவை வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளைக் காட்டியதாகவும், தீங்கு செய்யும் மால்வேர் பற்றிய எச்சரிக்கைகளைப்போல் இது மூன்று மடங்கு என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆக, பெரியப்பா அழுத்திய ஒரு ‘நெக்ஸ்ட்’டுக்கு யாரோ ஒருவர் காசு வாங்கியிருக்கிறார்.

விளம்பரம்தானே, கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது சூப்பர்ஃபிஷ் கதையைத்தான்.

2014-இன் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற வீட்டு உபயோக லேப்டாப்கள் பலவற்றில், சூப்பர்ஃபிஷ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விளம்பர மென்பொருள் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் ஏழரை லட்சம் லேப்டாப்கள் என்று அந்நாட்டு வணிக ஆணையம் பிறகு சொன்னது. ஒரு கடைப் பக்கத்தில் நாற்காலிப் படத்தின் மீது மவுஸ் போனால், அதே சாயலில் இருக்கும் வேறு நாற்காலிகளைக் காட்டி விற்பது அதன் வேலை. இதற்கு அது நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் புகுந்தாக வேண்டும். ஆனால் வங்கி, கடை, மின்னஞ்சல் போன்ற தளங்கள் பூட்டுப் போட்டுத்தான் பக்கத்தை அனுப்புகின்றன. அந்தப் பூட்டை எப்படித் தாண்டுவது?

இதைப் புரிந்துகொள்ள, சான்றொப்பம் வாங்கிய நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல் நகலில் ஒரு கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால், நகலை வாங்குபவர் நம்புவார். உங்களை அவருக்குத் தெரியாது. அந்த அதிகாரியின் பதவியைத் தெரியும், அது போதும். இணையத்திலும் இதே ஏற்பாடுதான். வங்கித் தளம் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் முத்திரை குத்தியவரின் பெயர் தன் கையில் உள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பிரவுசர் பார்க்கிறது. இருந்தால் பூட்டுச் சின்னத்தைக் காட்டுகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவற்றுக்கு ரூட் சான்றிதழ்கள் என்று பெயர்.

சூப்பர்ஃபிஷ் அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டது. பிறகு நீங்கள் வங்கிக்குப் போகும்போது நடுவில் நின்றது. வங்கியின் பக்கத்தைத் தான் வாங்கிப் பிரித்து, விளம்பரத்துக்கு வழி செய்துகொண்டு, வங்கியின் பெயரிலேயே தான் தயாரித்த சான்றிதழை ஒட்டி உங்களிடம் நீட்டியது. பட்டியலில் பெயர் இருப்பதால் பிரவுசர் மறுபேச்சின்றி நம்பியது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. முத்திரை குத்தும் அந்த ரப்பர் ஸ்டாம்ப், அதாவது ரகசியச் சாவி, ஒவ்வொரு லேப்டாப்பிலும் வைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே சாவி. அதைப் பூட்டி வைத்திருந்த பாஸ்வேர்டை ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2015 பிப்ரவரி 19-இல் சில மணி நேரத்தில் கண்டுபிடித்து வெளியிட்டார். ‘கொமோடியா’. அந்தத் தொழில்நுட்பத்தை சூப்பர்ஃபிஷுக்கு விற்ற நிறுவனத்தின் பெயர் அது. அந்த நிமிடத்திலிருந்து, ஒரு விமான நிலையத்து வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எவர் வேண்டுமானாலும், அருகில் சூப்பர்ஃபிஷ் உள்ள லேப்டாப் வைத்திருப்பவரிடம் தன்னை அவருடைய வங்கி என்று காட்டிக்கொள்ள முடியும் என்றாயிற்று. நாற்காலி விற்க வந்த நிரலால் வந்த நிலை இது.

பெரியப்பாவின் கோரைக்கிழங்கு இங்கேதான் வருகிறது. பயந்துபோன மக்கள் அந்த மென்பொருளை முறையாக நீக்கினார்கள். நிரல் போயிற்று, நாற்காலி விளம்பரமும் நின்றது. ஆனால் ரூட் சான்றிதழ் பட்டியலிலேயே இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியவர்கள் அதே ஆபத்தோடு தொடர்ந்தார்கள். கிரஹாம் வெளியிட்ட மறுநாளே, மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் அந்தச் சான்றிதழையும் சேர்த்து நீக்கும்படி புதுப்பிக்கப்பட்டது. லெனோவோவும் தனியாக ஒரு நீக்குக் கருவி வெளியிட்டது. 2017 செப்டம்பரில் வணிக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் லெனோவோ சமரசத்துக்கு வந்து, மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு லேப்டாப்புக்கு ஐந்து டாலர்கூட வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, பெரியப்பாவின் அறைக்குத் திரும்புவோம்.

மூலையில் வந்துகொண்டிருந்த ‘வைரஸ் வந்துவிட்டது’ அறிவிப்பை முதலில் பார்த்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஆட்வேர் என்று சொல்லப்படுவதில் நிறைய, உண்மையில் இதுதான். எங்கோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும். அழுத்தியதும் அந்தத் தளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுப்பும் உரிமை கிடைத்துவிடும். இதில் எந்த நிரலும் கம்ப்யூட்டரில் ஏறுவதில்லை, ஆகவே ஆன்டிவைரஸ் ஸ்கேனில் பெரும்பாலும் அகப்படாது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். பெரியப்பாவின் பட்டியலில் பதினொன்று இருந்தன. ஒன்றைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை.

அடுத்து, நிறுவப்பட்ட ஆப்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினேன். தொல்லை தொடங்கிய நாளை பெரியப்பா சரியாகச் சொன்னார். அதே தேதியில் எழுத்துரு மாற்றியோடு கூடவே இரண்டு பெயர்கள். மூன்றையும் நீக்கினேன். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களில் தெரியாத ஒன்று. அதையும் நீக்கினேன். கடைக்காரத் தம்பியும் தன்னால் முடிந்ததைச் செய்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அவர் பார்க்காமல் விட்டவற்றில் முக்கியமானது டாஸ்க் ஷெட்யூலர். குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானாகச் செய்ய வைக்கும் விண்டோஸ் வசதி அது. அப்டேட் என்ற பெயர் தாங்கிய ஒரு வேலை, கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கோப்பை ஓடவைத்து, தேடல் பக்கத்தைத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் எடுத்தேன். குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில், டார்கெட் வரியின் வாலில் ஒரு முகவரி ஒட்டியிருந்தது. அதை அழித்தேன். இணையப் போக்குவரத்தை வேறு வழியில் திருப்பிவிடக்கூடிய பிராக்ஸி செட்டிங்ஸையும் பார்த்தேன், அது சுத்தமாக இருந்தது.

சான்றிதழ்ப் பட்டியலையும் பார்த்துவிட்டேன். ஸ்டார்ட் மெனுவில் ‘மேனேஜ் யூசர் சர்டிபிகேட்ஸ்’, ‘மேனேஜ் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்ஸ்’ என்று தேடினால் வரும். இதில் மட்டும் கைவைக்குமுன் நிதானம் வேண்டும். அங்கே உள்ள பெயர்களில் பெரும்பாலானவை நமக்குப் புரியாதவை, ஆனால் தேவையானவை. சில ஆன்டிவைரஸ்களும் தங்கள் சான்றிதழை அங்கே சேர்க்கின்றன. தெரியாத பெயரை இணையத்தில் தேடிப் பார்த்து, ஐயமறத் தெரிந்த பிறகே நீக்க வேண்டும்.

கடைசியாக டிஃபெண்டரில் முழு ஸ்கேன், பிறகு ஆட்வ்கிளீனர் (AdwCleaner). ஆட்வேரைத் தேடுவதற்கென்றே உருவான சிறிய இலவசக் கருவி இது. 2016 முதல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும்தான் இதை இறக்க வேண்டும். ‘ஆட்வேரை நீக்குவது எப்படி’ என்று கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பர இணைப்பைத் தட்டி, இன்னொரு ஆட்வேரைக் காசு கொடுத்து வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். திரையில் ஒரு போன் நம்பரைக் காட்டி அழைக்கச் சொல்வது அதைவிட மோசம். அந்த நம்பரில் பேசி யாராவது பணத்தை இழந்திருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

எல்லாம் முடித்து ரீஸ்டார்ட் செய்து, குரோமைத் திறந்தோம். ஐந்து நிமிடத்தில் அந்த எக்ஸ்டென்ஷன் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

பெரியப்பா என்னைப் பார்த்தார். எனக்கு உண்மையிலேயே திகைப்பாக இருந்தது. சற்று யோசித்த பிறகுதான் பிடிபட்டது. அதே கூகுள் கணக்கில் அண்ணனின் பழைய லேப்டாப்பும் இணைந்திருந்தது. அது அண்ணி கையில், மாடியில். ஒரு கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸ்டென்ஷன்களை அதே கணக்கில் உள்ள மற்றவற்றுக்கும் கொண்டுசேர்ப்பது குரோமின் சின்க் வசதி. கிழங்கு இந்த வயலில் இல்லை, பக்கத்து வரப்பில் இருந்தது. இரண்டிலும் சின்க்கை நிறுத்தி, இரண்டையும் சுத்தம் செய்து, கணக்கில் சேமித்திருந்த சின்க் தரவையும் அழித்துவிட்டுத்தான் மறுபடி இணைத்தேன்.

கிளம்புமுன் மூன்று மாற்றங்கள் செய்துவைத்தேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதிக்குள், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. அது அணைந்திருந்தது, போட்டுவிட்டேன். பெரியப்பா தினமும் நுழைவது அட்மின் கணக்கில். அவருக்கு ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கி, அட்மின் பாஸ்வேர்டைத் தனியாக டைரியில் எழுதச் சொன்னேன். கம்ப்யூட்டரின் அடிப்படையைத் தொடும் எந்த நிரலும் இனி அந்த பாஸ்வேர்டைக் கேட்கும். டைரியைத் தேடி எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் அவர் யோசித்துவிடுவார் என்பது என் நம்பிக்கை. மூன்றாவது, இன்ஸ்டால் பெட்டியில் ‘எக்ஸ்பிரஸ்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு வழி வந்தால் கஸ்டமைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு ‘டிக்’கையும் படிக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன்.

“இலவசமா கிடைக்கிற எதையுமே எடுக்கக் கூடாதாப்பா?” என்று கேட்டார்.

“அப்படி இல்ல பெரியப்பா. விஎல்சி, லிப்ரே ஆபீஸ் எல்லாம் இலவசம்தான், தங்கமான மென்பொருள். ஆனா செஞ்சவங்களோட தளத்துலேருந்து எடுக்கணும்.”

நடுவில் நிற்கும் டவுன்லோடு தளங்களை நம்பிவிட முடியாது. கிம்ப் என்ற நல்ல படத்தொகுப்பு மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை, 2015-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் விளம்பரச் சலுகைகளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. கிம்ப்பை உருவாக்கியவர்கள் அதற்கு முன்பே அந்தத் தளத்தை விட்டு விலகியிருந்தார்கள். அடுத்த ஆண்டு தளம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள், விளம்பரங்களைச் சேர்த்துக் கட்டும் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். ஊரறிந்த, பல ஆண்டுகள் நற்பெயரோடு இருந்த தளத்திலேயே இது நடந்தது.

எழுத்துரு மாற்றும் வேலை பாக்கி இருந்தது. நிரல் எதையும் இறக்காமல், பிரவுசருக்குள்ளேயே ஒட்டி மாற்றிக்கொள்ளும் ஒரு பக்கத்தைத் தேடிக் கொடுத்தேன். போன வாரம் போனில் பேசும்போது, சோழர் காலக் குறிப்புகள் முடிந்து நாயக்கர் காலத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். அண்ணியின் லேப்டாப்பையும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவரே திறந்து, எக்ஸ்டென்ஷன் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுகிறாராம்.