பறந்தவர் பெயர் தெரியும், பூட்டியவர் பெயர்?

போர் விமானம் என்றதும் நம் கண்முன் நிற்பவர் விமானி. நிற்கட்டும், அது அவருக்குரிய இடம். உயிரைப் பணயம் வைத்து வானேறுபவருக்குத் தலை வணங்க நாம் தவறியதில்லை. ஆனால் தோழர்களே, அந்த விமானம் தானாகவா தரையை விட்டு எழுந்தது?

ஒரே ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். 1971 டிசம்பர் 14. சிறீநகர் விமானத் தளத்தின்மீது பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் பாய்ந்தன. ஓடுபாதையில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த போதே, நிர்மல் ஜித் சிங் செகோன் தம் 'நாட்' விமானத்தில் மேலெழுந்தார்; போரிட்டார்; மாண்டார். விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

'நாட்' பெயருக்கேற்ற கொசு! இங்கிலாந்தின் ஃபாலண்டு நிறுவனம் வடிவமைத்த அந்தச் சிறு விமானத்தைப் பெங்களூரில் நம் தொழிலாளர்கள் கட்டினார்கள். கொசு சிறியது; அது தந்த தொல்லையோ பெரியது. எண்ணெய் அழுத்தக் குழாய்கள் மக்கர் செய்யும். சண்டை நேரத்தில் பீரங்கி சிக்கிக்கொள்ளும். அதைச் சரிக்கட்டிச் சரிக்கட்டிப் பறக்க வைத்தவர்கள் யார்? பொருத்துநர்கள்!

உடன்படிக்கை ஒன்றின் காரணமாக, 1971 போர் மூளும்வரை சிறீநகரில் வான்காப்பு விமானங்களே இல்லை. அந்த உயரமும் எலும்பைத் துளைக்கும் பனிக்காற்றும் செகோனுக்குப் புதியவை என்று அவரது விருதுக் குறிப்பே கூறுகிறது. விமானிக்குப் புதிய குளிர், தரையில் நின்று இரும்பைத் தொட்டவனுக்கு மட்டும் பழைய குளிரா? எரிபொருள் நிரப்பியவன், பீரங்கியில் குண்டு ஏற்றியவன், இயந்திரத்தைச் சோதித்தவன், ஒவ்வொருவனும் தன் வேலைக்குப் பொறுப்பேற்றுப் பதிவேட்டில் கையெழுத்திட்டான். அதற்குப் பின்னரே விமானி கையெழுத்திட்டு ஏறுவார். முன்பின் அறியாத ஒருவன் முடுக்கிய திருகாணியை நம்பித் தன் உயிரை ஒப்படைப்பது சிறிய காரியமா?

ஆவடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இருக்கிறது. செகோன் பணியாற்றியது 18ஆம் விமான அணி. அதே அணிக்கு, 2020 மே 27 அன்று கோவையை அடுத்த சூலூரில், தேஜஸ் விமானங்களோடு மறுபிறப்பு வந்தது. அந்தத் தேஜசின் துணைப் பற்சக்கரப் பெட்டியை உருவாக்கியது, டாங்கிக்குப் பேர்போன நம் ஆவடியின் போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம்! எண்ணெய் அழுத்தப் பம்புகளையும் மின்னாக்கியையும் சுழற்றுவது அந்தப் பெட்டி. இயந்திரத்திலிருந்து பெட்டிக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டு ஒன்றையும் அதே நிலையம் உருவாக்கியது. 2023 மார்ச் 14 அன்று பெங்களூரில் தேஜசில் பொருத்திப் பறந்து சோதித்தார்கள், வெற்றி கண்டார்கள். வானத்தில் பறப்பது விமானம். அதன் வயிற்றுக்குள் சுழல்வது ஆவடியின் உழைப்பு!

விமானியின் வீரம் விருதுக் குறிப்பில் ஏறிவிட்டது, நூல்களில் நிலைத்துவிட்டது. பொருத்துநரின் நினைவோ, அவர் நெஞ்சோடு நின்றுவிட்டது. 1971இல் இருபது வயது இளைஞனாக இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது?

ஆகவே தோழர்களே, பட்டாபிராமிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ, உங்கள் தெருவில் விமானப் படையில் பொருத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமருங்கள். எந்த விமானம், எந்தத் தளம், எந்த இரவு என்று கேளுங்கள். படிப்பகத்துக் குறிப்பேட்டில் அவர் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். விமானத்தின் பதிவேட்டில் அன்று கையெழுத்திட்ட கை அது. வரலாற்றின் பதிவேட்டிலும் அந்தக் கையெழுத்து விழட்டும்!